திருவையில் மாவு அரைப்பது: கல் வாங்குவது முதல் கொத்துவது வரை

அரைக் கிலோ சிறுபயறை எடுத்துக்கொண்டு மாவு மில்லில் போய் நின்றால் மில்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய இயந்திரத்தில் நம் அரைக் கிலோவில் ஒரு பங்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, முன்னால் அரைத்தவரின் மாவு நம் பாத்திரத்தில் வந்து விழும். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு தடவை மல்லி அரைத்திருந்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தில், சிறுபயறில் செய்யும் எங்கள் ஊர் இனிப்புப் பலகாரத்தில், ஏலக்காயை மீறி மல்லி மணத்தது. விருந்துக்கு வந்த மைனி ஒன்றைக் கடித்துவிட்டு, "இதுல சாம்பார் பொடி போட்டியளா?" என்று கேட்டாள். மறுநாளே தொழுவத்து மூலையில் விறகுக்கு அடியில் கிடந்த ஆச்சியின் திருவையை வெளியே இழுத்துப் போட்டேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் நாங்கள் திருவை என்போம். விளவங்கோடு பக்கம் திரிகல்லு என்பவர்களும் உண்டு. மற்ற மாவட்டக்காரர்களுக்குத் திருகை, எந்திரம் என்றால் புரியும். வட்டமான இரண்டு கல், நடுவில் ஒரு முளை, மேற்கல்லில் தானியம் போட ஒரு கண், சுற்ற ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் கருவி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் திருவை வாங்கிய பலர் ஒரே மாதத்தில் அதைப் பூச்செடிக்கு மேடையாக்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். திருவை உலர்ந்த தானியத்துக்கான கல். நனைந்ததை அரைக்க ஆட்டுரல் இருக்கிறது. ஊறி, வடிந்து, ஈரப்பதமாக இருக்கும் அரிசியை இடிக்க உரல் இருக்கிறது. புட்டுக்கு ஊறவைத்த அரிசியைத் திருவையில் போட்டால் இரண்டு கல்லுக்கும் நடுவில் பசைபோல் அப்பிக்கொள்ளும், கல் நகராது. நம் பழைய அடுக்களையில் மூன்று கல்லும் தனித்தனியாக இருந்தது இடம் அதிகமாக இருந்ததால் அல்ல; மூன்றுக்கும் மூன்று வேலை.

இன்னொன்று. திருவை உடைப்பதில் கெட்டிக்காரி, மாவாக்குவதில் மெதுவானவள். பயறு உடைக்க, உளுந்து உடைக்க, அரிசி ரவை எடுக்க இதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது. மெல்லிய இடியாப்ப மாவும் வரும்; ஆனால் மூன்று ஓட்டம் ஓட்டி மூன்று தடவை அரிக்க வேண்டும். என் கணக்கில் அரைக் கிலோ பயறு உடைக்கக் கால் மணி நேரம் போதும். அதே அளவு அரிசியை இடியாப்பத்துக்கு மாவாக்கினால், அரிப்பதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஐந்து கிலோ, பத்து கிலோ என்றால் மில்லுக்கே போய்விடுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

கல் வாங்குவது

நம் மாவட்டத்தில் கல் என்றால் மயிலாடி. சுசீந்திரத்தைத் தாண்டி அஞ்சுகிராமம் போகும் வழியில் இருக்கிறது. சாமி சிலைகளுக்குப் பெயர் போன ஊர்; மயிலாடிக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சிலை செய்யும் ஊரில் அம்மியும் ஆட்டுரலும் திருவையும் கிடைக்காமல் இருக்குமா? கேட்டால் செய்தும் தருவார்கள். இல்லாவிட்டால் பழைய வீடு இடிக்கும் இடத்தில் விசாரிக்கலாம். பழைய கல் பழகிய கல். ஒரு தலைமுறை தேய்த்துவிட்டுப் போனதால் அதில் உதிர ஒன்றும் மிச்சம் இருக்காது.

வாங்கும்போது கருங்கல்தானா என்று பாருங்கள். மாக்கல் சட்டி வேறு விஷயம். மென்மையான கல்லில் திருவை செய்தால் மாவோடு கல்லையும் சேர்த்துத் தின்ன வேண்டியதுதான். நகத்தால், பிறகு ஒரு சாவியால் கீறிப் பார்க்கலாம். சாவி கல்லில் வெள்ளைக் கோடாகப் பள்ளம் இழுத்தால் விட்டுவிடுங்கள். நல்ல கருங்கல்லில் சாவிதான் தேய்ந்து ஒரு மினுமினுப்பை விட்டுப்போகும்.

அடுத்தது சத்தம். மேற்கல்லைத் தூக்கி ஒரு கயிற்றுச் சும்மாட்டின்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். "கணீர்" என்று கேட்டால் நல்ல கல். "பொத்" என்று அமுங்கினால் உள்ளே எங்கோ கீறல் ஓடுகிறது. சந்தேகம் இருந்தால் கல்மேல் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் கீறல் மட்டும் கறுப்பு நூல்போல் ஈரம் காட்டிக்கொண்டிருக்கும்.

அளவு என்று பார்த்தால் ஒரு அடி விட்டம் வீட்டுக்குச் சரி. ஒரு அடி விட்டமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள மேற்கல் கிட்டத்தட்ட 15 கிலோ இருக்கும். இதைவிடச் சின்னதாக அழகுக்கு விற்கிற கற்களில் எடை போதாது. மேற்கல்லின் எடைதான் தானியத்தை உடைக்கிறது. நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். ஆச்சியின் கல் பெரிதாக இருக்கிறதே என்று, ஒரு கண்காட்சியில் பளபளவென்று மெருகேற்றி வைத்திருந்த எட்டு அங்குலக் கல்லை வாங்கினேன். உளுந்து அதன் நடுவில் உருண்டு விளையாடியதே தவிர உடையவில்லை. இப்போது அது கதவு அடிபடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது.

முளையையும் கவனியுங்கள். கீழ்க்கல்லின் நடுவில் நிற்கும் முளை இரும்பாகவோ மரமாகவோ இருக்கும். நம்முடையது கடற்காற்று அடிக்கும் ஊர், இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். எனக்கு மரமுளைதான் பிடிக்கும். புளிய மரத்தில் நன்றாகக் காய்ந்த துண்டைச் செதுக்கி, குழிக்குள் அடித்து இறக்கி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மரம் ஊதிப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடிக்கும் இதே வித்தைதான். முளையில் மேற்கல்லை மாட்டி ஆட்டிப் பாருங்கள். ஒரு நூல் அளவு ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் ஆடினால் ஒரு பக்கம் மாவும் மறுபக்கம் முழு அரிசியுமாக விழும். அப்படி ஆடும் முளையில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றினால் போதும், சரியாகிவிடும்.

கல்லும் கல்லும் எங்கே தொடுகின்றன என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கீழ்க்கல்லின் முகம் முழுக்க மஞ்சள் பொடியை லேசாகத் தூவி, மேற்கல்லை மெல்ல வைத்து ஒரே ஒரு சுற்று சுற்றி, நேராக மேலே தூக்குங்கள். மேற்கல்லின் அடியில் மஞ்சள் அழுந்தி ஒட்டியிருக்கும் இடம்தான் இரண்டும் தொடும் இடம். நல்ல திருவையில் ஓரத்தை ஒட்டி இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு வளையமாக மஞ்சள் இருக்கும், நடுவில் இருக்காது. நடுப்பகுதி லேசாகக் குழிந்திருந்தால்தான் தானியம் உள்ளே இறங்கி, உடைந்து, ஓரத்துக்குப் போகப் போகப் பொடியும். நடுவில் மஞ்சள் ஒட்டி ஓரம் வெறுமையாக இருந்தால், கல்லைத் திரும்பக் கொத்தித் தரச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்.

புதுக் கல்லைப் பழக்குவது

புதிதாகக் கொத்திய கல்லில் பொடி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத் தெரியும். இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், நான் குதித்தேன். ஆச்சி கல்லைக் கொத்தக் கொடுத்து வாங்கிய அன்றே, கழுவியாயிற்றே என்று அரிசி அரைத்துக் கொழுக்கட்டை அவித்தேன். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. "கறுக், கறுக்" என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது இது. முதலில் தென்னை ஈர்க்குத் துடைப்பத்தாலும் தேங்காய்த் தும்பாலும் இரண்டு கல்லையும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், கல் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் தனித்தனியாகச் சாய்த்து வைத்து ஒரு முழு வெயில் காயவிடுங்கள். அப்புறம் ஒரு கை தவிடு போட்டுச் சுற்றுங்கள். வெளியே வரும் தவிடு சாம்பல் நிறமாக இருக்கும். அதைத் தென்னைமூட்டில் கொட்டிவிட்டு, மட்டமான பச்சரிசி ஒரு உழக்கு போட்டு அரையுங்கள். மறுபடியும் கொட்டுங்கள், மறுபடியும் அரையுங்கள். கோழிக்கும் போட வேண்டாம். ஐந்தாறு தடவைக்குப் பிறகு வரும் மாவில் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். கரகரப்பு இல்லை என்றால் இன்னொரு சோதனை: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மாவைக் கலக்கி, மெல்லச் சுழற்றி, மேலே உள்ள பாலை ஊற்றிவிடுங்கள். நாலைந்து தடவை தண்ணீர் மாற்றினால் மாவு போய்விடும், கல்பொடி இருந்தால் அடியில் தங்கும். அடியில் விரலை வைத்துத் தேய்த்தால் தெரிந்துவிடும். சுத்தமாக வந்த பிறகுதான் வாய்க்கு.

தானியம்

கல்லில் போடுவதற்கு முன்னால் சொளவில், அதாவது முறத்தில், ஏறி இறங்காத தானியம் வேண்டாம். புடைத்தால் உமியும் தூசியும் பறக்கும். கொழித்தால் குருணையும் கல்லும் பிரியும். இந்தக் கைவேலை எழுத்தில் வராது; வீட்டில் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். தெரியாதவர்கள் ஒரு வெள்ளை வேட்டியில் பரப்பி, கண்ணால் பொறுக்கினாலும் போதும். ஒரு சின்னக் கருங்கல் சில்லு திருவைக்குள் போனால் சத்தமே வேறு மாதிரி இருக்கும். உடனே நிறுத்திக் கல்லைத் தூக்கிவிடுங்கள்.

காய்ச்சல்தான் பாதி வேலை. கடைவாய்ப் பல்லில் ஒரு மணியைக் கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. கும்பப்பூ எனும் இரண்டாம் போக நெல் அறுவடை முடியும் மாசி, பங்குனி வெயில்தான் எதையும் காயவைக்க நல்ல வெயில். முதல் போகமான கன்னிப்பூ அறுத்துவரும் நேரத்தில் வானத்தை நம்ப முடியாது. மழைநாளில் அரைத்தே ஆக வேண்டும் என்றால் உருளியை அடுப்பில் வைத்து, சிறு தீயில் தானியத்தைக் கை பொறுக்கும் சூடு வரை புரட்டி எடுங்கள். நன்றாக ஆறிய பிறகே கல்லில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் கல்லில் வேர்த்து, மாவு கட்டும்.

உட்கார்ந்து சுற்றுவது

கீழே ஒரு நனைத்துப் பிழிந்த சாக்கு. அதன்மேல் சுத்தமான பழைய வேட்டியோ ஓலைப்பாயோ. அதன்மேல் கல். ஈரச்சாக்கு இல்லாவிட்டால், சுற்றச் சுற்றக் கல் நகர்ந்து நகர்ந்து வாசல்வரை போகும். மொசைக், டைல்ஸ் தரையில் கட்டாயம் வேண்டும். வேட்டி சாக்கைத் தொட்டு ஈரமாகாதபடி நடுவில் ஒரு கனமான பாலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் வீடு என்றால் ஆடிக் காற்றில் திண்ணையில் உட்கார வேண்டாம். மாவு முப்பந்தல் காற்றாலைக்குப் போய்ச் சேரும்.

ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, கல்லை மடியோடு நெருக்கி உட்காருங்கள். தோளால் சுற்றாதீர்கள், இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் சாய்ந்து சுற்றுங்கள். கை சும்மா கைப்பிடியைப் பிடித்திருந்தால் போதும், உடம்பு சுற்றும். பத்து நிமிஷத்தில் தோள் வலித்தால் தோளால் சுற்றுகிறீர்கள் என்று அர்த்தம். மூட்டுவலிக்காரர்கள் உறுதியான குட்டை பெஞ்சில் கல்லை வைத்து, எதிரே நாற்காலியில் உட்காரலாம்; நாலு கால் மேசையில் வைத்தால் மேசை ஆடும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் வேலை பாதியாகும், பேச்சு இரண்டு மடங்காகும்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்று கேட்பார்கள். கல் முகத்தில் வெறும் புள்ளிக்கொத்து என்றால் எந்தப் பக்கமும் சரி. வலது கை ஓய்ந்தால் இடது கைக்கு மாற்றி, திசையையும் மாற்றிக்கொள்ளலாம். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வான வரிகளாகக் கொத்தியிருந்தால், ஒரு பக்கம் சுற்றும்போது மாவு வெளியே வரும், மறுபக்கம் சுற்றினால் உள்ளேயே நிற்கும். சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

இப்போது முக்கியமானது. எல்லோரும் சுற்றும் கையைத்தான் பார்க்கிறார்கள். அரைப்பது போடும் கை. கண்ணில் எவ்வளவு போடுகிறீர்கள், எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை போடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் பருப்பா, ரவையா, மாவா என்பது முடிவாகிறது. நான் சின்னதில் ஆசையாக ஒரு பிடி அள்ளி உள்ளே திணித்தபோது ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அள்ளிப் போடாத மக்கா. குருவிக்குப் போடுத மாதிரி போடு." நிறையப் போட்டால் தானியம் அடுக்காக நின்று மேற்கல்லைத் தூக்கிவிடும், ஓரத்தில் இடைவெளி விழுந்து பாதி உடையாமலே வெளியே கொட்டும். கொஞ்சமாகப் போட்டால் கல் தாழ்ந்து உட்காரும், பொடி நைசாகும்.

கணக்குச் சொல்வதென்றால்: உடைப்பதற்கு, நாலைந்து சுற்றுக்கு ஒரு சின்னக் கைப்பிடி. ரவைக்கு அதில் பாதி. மாவுக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் முன்னால் போட்டது ஓரத்தில் விழ ஆரம்பித்த பிறகு. இது என் கல்லின் கணக்கு, உங்கள் கல்லுக்குக் காதால் கணக்கு எடுங்கள். தானியம் உடையும்போது "கரகர" என்று கேட்கும். பொடியும்போது அது "சரசர" என்று இறங்கும். கல்லும் கல்லும் உரசி "கிறீச்" என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. உடனே போடுங்கள் அல்லது நிறுத்துங்கள். வெறுங்கல்லைச் சுற்றினால் கல்தான் அரைபடும், அது உங்கள் மாவில்தான் சேரும்.

பயறு உடைக்கும்போது கல் ரொம்பத் தாழ்ந்து உட்கார்ந்து பருப்பை நொறுக்கினால், மேற்கல்லைத் தூக்கி, முளையைச் சுற்றி ஒரு துணி வளையம் போடுங்கள். பழைய வேட்டிக் கரையை முறுக்கி, கண்ணை அடைக்காத அளவுக்குச் சின்னதாகச் செய்தால் போதும். மேற்கல் ஒரு அரிசிக் கனம் உயரும். அந்த ஒரு அரிசிக் கனத்தில்தான் முழுப் பருப்பும் குருணையும் பிரிகிறது.

சிறுபயறிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது சிறுபயறு. உருண்டையானது, சீக்கிரம் உடையும், தவறினாலும் வீணாகாது; நொறுங்கினால் மாவு, உடைந்தால் பருப்பு.

அரைக் கிலோ சிறுபயறை உருளியில் போட்டுச் சிறு தீயில் வறுங்கள். பச்சை நிறம் மங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு தட்டி, அடுக்களை தாண்டி வாசம் வரும்போது இறக்குங்கள். கருகினால் கசக்கும். சொளவில் பரப்பி ஆறவிடுங்கள். துணி வளையம் போட்டு முதல் ஓட்டம். ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பருப்பும் பச்சைத் தொலியும் கலந்து விழும். சொளவில் புடைத்தால் தொலி பறந்துவிடும். இந்தப் பருப்பைத்தான் விருந்துச் சாப்பாட்டில் முதலில் நெய்யோடு ஊற்றும் பருப்புக்கும் பாயசத்துக்கும் எடுப்போம். இதுவே போதும் என்றால் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

முந்திரிக்கொத்துக்கு என்றால் துணி வளையத்தை எடுத்துவிட்டு இரண்டாவது ஓட்டம். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் ரவையாகப் படவேண்டும், கூடவே கொஞ்சம் மாவும் இருக்க வேண்டும். மிக்சியில் அடித்தால் ஒன்று பவுடராகிறது, அல்லது பாதிப் பயறு முழுசாக நிற்கிறது. திருவையில் மட்டும்தான் இந்த இரண்டும்கெட்டான் பதம் வருகிறது, முந்திரிக்கொத்துக்கு வேண்டியதும் அதுதான். ரவை கடிபடும், மாவு பாகைப் பிடித்துக்கொள்ளும். கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலக்காயும் சுக்கும் சேர்த்து, சூட்டோடு சின்னச் சின்ன உருண்டை பிடித்து, அரிசி மாவும் மஞ்சளும் கரைத்த மாவில் மூன்று மூன்றாக ஒட்டி முக்கி, தேங்காயெண்ணெயில் பொரிக்க வேண்டும். முந்திரிப் பருப்பு இதில் கிடையாது. வெளியூர் நண்பர்கள் கேட்டு அலுத்துப்போன கேள்வி அது.

அரிசியும் மற்றவையும்

கறுப்பு உளுந்துக்குச் சிறுபயறின் முதல் ஓட்டம் மட்டும் போதும், வறுக்கவும் வேண்டாம். நல்ல வெயிலில் இரண்டு நாள் காய்ந்திருந்தால் இரண்டாகப் பிளக்கும். உளுந்தஞ்சோற்றுக்குத் தொலியோடு வேண்டும் என்பதால் புடைத்துத் தூசியை மட்டும் போக்கினால் சரி.

அரிசி கொஞ்சம் விவரமானது. கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் பச்சரிசியைக் கழுவி, வடித்து, வெயிலில் எலும்பாகக் காயவைத்து அரையுங்கள். முதல் ஓட்டத்தில் குருணை வரும். அதை அப்படியே எடுத்துவைத்தால் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் ஆகும். இரண்டாவது ஓட்டத்தில் ரவை, மூன்றாவதில் மாவு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அரிப்பில் (சல்லடையில்) அரித்து, மேலே நிற்கும் கப்பியை மட்டும் திரும்பக் கல்லில் போடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் திரும்பப் போடுவது பலர் செய்யும் தவறு. ஏற்கெனவே மாவானது நடுவில் மெத்தைபோல் நின்று, கப்பியை உடையவிடாது. கடைசியில் மிஞ்சும் ஒரு பிடிக் கப்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்த மாவை உருளியில் வறுக்கும்போது, ஆவி அடங்கி, மாவு மணல்போல் ஓட வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் இழுத்துப் பாருங்கள். கோடு அறுபடாமல் விழுந்தால் பதம்.

சிவப்பரிசிப் புட்டுக்கு உரலில் இடித்த மாவுக்கு நிகர் இல்லை. இருந்தாலும் உரலும் உலக்கையும் இடிக்க ஆளும் இல்லாத வீட்டில் திருவை மாவிலும் நல்ல புட்டு வரும். ரவைக்கும் மாவுக்கும் நடுவான பதத்தில் நிறுத்தி, வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். உலர்ந்து அரைத்தது என்பதால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும். பிசறி, மூடி, கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடியும் தெளிக்க வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சிரட்டையிலோ குழாயிலோ தேங்காய்ப்பூவோடு அடுக்கிவிட்டால், உரலில் இடித்ததா என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

கேப்பை சின்ன மணி. கண்ணில் போட்டால் ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடப் பார்க்கும். மாவுக்குப் போடும் அளவிலும் பாதி போட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். கோதுமை கடினம், ஆனால் பிகு பண்ணாது. மூன்று ஓட்டத்தில் சப்பாத்தி மாவு வரும், தவிட்டை அரித்துத் தள்ளாமல் இருந்தால் சப்பாத்தி கொஞ்சம் முரடாக இருக்கும், ருசியாகவும் இருக்கும். அவித்து உலர்த்திய மரச்சீனி (மரவள்ளி) கிழங்கைத் துண்டாகக் கல்லில் போட முடியாது. உரலிலோ அம்மியிலோ தட்டி மிளகு அளவாக்கிய பிறகு போடுங்கள்.

மிளகாய், மல்லி, மஞ்சள் எதையும் மாவுத் திருவையில் அரைக்காதீர்கள். ஒரு தடவை மிளகாய் ஏறிய கல் ஒரு மாதத்துக்கு எல்லாவற்றையும் காரமாக்கும். கருவாடு தட்டும் கல்லைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மேசை விளிம்பில் திருகி மாட்டிக் கையால் சுற்றும் இரும்பு அரைவையும் கடைகளில் உண்டு. அதில் நைசும் கொரகொரப்பும் ஒரு திருகைத் திருப்பினால் மாறும். நின்றுகொண்டே அரைக்கலாம், மாடிவீட்டுக்கு ஏற்றது. உலர்ந்த தானியம் மட்டும் என்ற சட்டம் அதற்கும் உண்டு. நான் அதில் காப்பிக்கொட்டை அரைப்பதோடு சரி.

மாவை வைப்பது

வெள்ளைப் பச்சரிசி மாவை வறுத்து ஆறவைத்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். சிவப்பரிசி, கோதுமை மாவு அப்படி நிற்காது. தவிட்டிலும் முளையிலும் எண்ணெய் இருக்கிறது. தானியம் முழுசாக இருக்கும்வரை அது உள்ளே பத்திரமாக இருக்கும். உடைத்ததும் காற்றுப் பட்டு, தவிட்டில் இருக்கும் நொதியும் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கும். மாவு காறல் வாடை அடிப்பது அதனால்தான். ஒரு வாரம், பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது. கூடுதலாக அரைத்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மழைக்காலத்தில் எந்த மாவானாலும் ஈரக்கரண்டி போடாதீர்கள், மூடியை உள்பக்கம் துடைத்துவிட்டு மூடுங்கள்.

கல்லை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டியதில்லை. மேற்கல்லைத் தூக்கி, ஈர்க்குத் துடைப்பத்தால் இரண்டு முகத்தையும் கூட்டி, ஒரு பிடிப் பச்சரிசி போட்டுச் சுற்றி எடுத்தால் பழைய மாவு அதோடு வந்துவிடும். பத்து நாளுக்கு மேல் கல் சும்மா இருக்கும் என்றால், கல்லை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் தனித்தனியாகச் சாய்த்து வையுங்கள். மூடியே கிடந்த கல்லுக்குள் வண்டும் பூஞ்சணமும் குடியேறிவிடும்.

கொத்துவது

முன்பெல்லாம் "அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல்லு கொத்தலியோ" என்று தெருவில் குரல் வரும். இப்போது நாம்தான் ஆளைத் தேடிப் போக வேண்டும். கல் மழுங்கிவிட்டதை மாவே சொல்லும். சுற்ற லேசாக இருக்கும், ஆனால் அரிசி உடையாமல் தட்டையாக நசுங்கி வரும், தொட்டால் மாவு சூடாக இருக்கும். கல்முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் வழுக்கும். வாரத்துக்கு ஒரு தடவை அரைக்கும் வீட்டுக்கு இது வர வருஷங்கள் ஆகும்.

நீங்களே கொத்துவதென்றால் கூர்முனை உளியும் சின்னச் சுத்தியலும் போதும். கண்ணாடி போடாமல் உளியைத் தொடாதீர்கள், மூக்குக்கு ஈரத்துணி கட்டிக்கொள்ளுங்கள். கல்தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. கல்லை நனைத்துக்கொண்டே கொத்தினால் தூசி அடங்கும். உளியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து, சின்னச் சின்ன அடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு நெல்மணி ஆழத்துக்குப் புள்ளி விழுந்தால் போதும். நடுவில் கொஞ்சம் ஆழமாகவும் நெருக்கம் குறைவாகவும், ஓரத்துக்கு வர வர மேலோட்டமாகவும் நெருக்கமாகவும் கொத்துங்கள். ஓரத்தின் கடைசி விரலகலத்தை லேசாகத் தட்டுவதோடு விட்டுவிடுங்கள், அங்கே ஆழமாக விழுந்தால் சில்லு பெயரும். இரண்டு கல்லையும் ஒரே நாளில் கொத்தி முடிக்க வேண்டும். ஒன்று கூர், ஒன்று மழுக்கு என்றால் கூர் உள்ளது மற்றதைத் தின்றுவிடும்.

கொத்தி முடித்ததும் மஞ்சள் சோதனையை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வளையம் ஓரத்தில் வந்தால் தும்பையும் தண்ணீரையும் எடுத்துக் கழுவ ஆரம்பிக்கலாம். அப்புறம் தவிடு, அப்புறம் மட்ட அரிசி, ஐந்தாறு தடவை. கொழுக்கட்டை அடுத்த வாரம்.